கல்லுக்குப் பக்க வெளிச்சம்: சாதாரண போனில் பழைய கோயில்களைப் படமெடுப்பது எப்படி

வீட்டில் அம்மி இருந்தால், அதுவும் அண்மையில் கொத்திய அம்மியாக இருந்தால், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அதன்மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். முதலில் நேர் மேலே பிடித்து அடியுங்கள். கல் ஒரே சாம்பல் பரப்பாகத் தெரியும். அப்புறம் டார்ச்சை அம்மியின் மட்டத்துக்கு இறக்கி, வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு போகிற மாதிரி பக்கத்திலிருந்து அடியுங்கள். உளி விழுந்த ஒவ்வொரு குழியும் தனித்தனியாகத் தெரியும். கல்லும் அதுதான், டார்ச்சும் அதுதான். வெளிச்சம் வரும் கோணம் மட்டும் மாறியிருக்கிறது.

பழைய கல் கட்டடங்களைப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பங்கு இந்தச் சோதனைக்குள்ளேயே இருக்கிறது. பரப்பை உரசிக்கொண்டு வரும் இந்த வெளிச்சத்தைச் சாய்வொளி என்று வைத்துக்கொள்வோம். கருங்கல் சிற்பத்தில் வண்ண வேறுபாடு கிடையாது. கண், மூக்கு, ஆபரணம், பின்னால் இருக்கும் சுவர் எல்லாம் ஒரே கல், ஒரே நிறம். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ஆழம்தான். நேரில் பார்க்கும்போது நமக்கு இரண்டு கண் இருக்கிறது, தலையை அசைக்கிறோம், நாலு அடி நகர்ந்து பார்க்கிறோம், ஆழம் தானாகப் புரிந்துவிடுகிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண், அதுவும் அசையாத கண். அதற்கு ஆழத்தைச் சொல்ல நிழலை விட்டால் வேறு வழி அநேகமாக இல்லை. நேரில் மலைக்க வைத்த சிற்பம் படத்தில் சப்பென்று இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் போன் மலிவானது என்பதல்ல. அந்த நேரத்தில் அந்தச் சுவரில் நிழல் இல்லை, அவ்வளவுதான்.

சரி, விலை உயர்ந்த கேமராவுக்கு என்ன வேலை? பெரிய விலை கொடுத்து வாங்குகிறவர்கள் முக்கியமாக வேகத்தை வாங்குகிறார்கள். பறக்கும் பறவை, ஓடும் குழந்தை, மங்கலான மண்டபத்தில் நடக்கும் கல்யாணம், இவற்றை நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் பிடிக்க நல்ல சென்சாரும் நல்ல லென்ஸும் வேண்டும். ஆயிரம் வருஷமாக நகராத கல்லுக்கு அந்த வேகம் எதற்கு? இன்றைக்கு வெளிச்சம் சரியில்லை என்றால் நாளைக்கு வரலாம். இருட்டாக இருந்தால் ஒரு நொடியோ இரண்டு நொடியோ கேமராவைத் திறந்து வைக்கலாம். சாதாரண கேமராவின் பெரிய குறை குறைந்த வெளிச்சத்தில் திணறுவது. அசையாத பொருளை எடுக்கும்போது அந்தக் குறையை நேரத்தைக் கொடுத்தே ஈடுகட்டிவிடலாம்.

அதனால் தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் பட்டியல் மிகச் சின்னது: கையில் இருக்கும் போன், லென்ஸைத் துடைக்க ஒரு பருத்தித் துணி, போனைச் செருகி நிறுத்தும் சின்னப் பிடிப்பான், ஒரு வெள்ளை அட்டை, ஒரு டார்ச். மேற்கொண்டு செலவு செய்ய நினைத்தால், புது டிஎஸ்எல்ஆர் பக்கம் போவதற்கு முன்னால், நல்ல ஆப்டிகல் ஜூம் (லென்ஸாலேயே பெரிதாக்கும் வசதி) இருக்கும் பழைய காம்பாக்ட் கேமரா ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் மேல் தளங்களில் இருக்கும் கூடுகள் என்கிற வளைவு அலங்காரங்களும் பூதகணங்களும் போனுக்கு எட்டாது. அங்கே ஜூம் மட்டும்தான் உதவும்.

துணியைச் சும்மா சொல்லவில்லை. கோயிலுக்குப் போகிற கையில் விபூதி, எண்ணெய், வியர்வை எல்லாம் இருக்கும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் உப்புக் காற்று வேறு. லென்ஸில் ஒரு விரல் தடம் இருந்தாலே வெயில் படும் படமெல்லாம் பால் கலந்த மாதிரி வெளுத்துப் போகும். ஒவ்வொரு சுவருக்கு முன்னாலும் ஒரு தடவை துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எந்தச் சுவருக்கு எந்த நேரம்?

விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் எடுங்கள் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. நிலக்காட்சிக்கு அது சரி. சிற்பத்துக்கு அப்படியே பொருந்தாது. மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசு என்கிற பெரும்பாறைச் சிற்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், கிழக்கு பார்த்த பாறை. சூரியன் உதித்த கொஞ்ச நேரத்தில் வெயில் அதன் முகத்தில் நேராக அடிக்கிறது. பொன்னிறமாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது அம்மிக்கு நேர் மேலே பிடித்த டார்ச். நிழல் எல்லாம் உருவங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

அந்தப் பாறையின் நடுவில் இருக்கும் பிளவுக்கு இடப்பக்கம் ஒற்றைக்காலில் கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்கிற மெலிந்த உருவம் இருக்கிறது. அதன் விலா எலும்புகளைக் கவனியுங்கள். வெயில் முகத்தில் அடிக்கும் காலை நேரத்தில் அவை மங்கலான கோடுகள்தான். சூரியன் மேலே ஏற ஏற வெயில் பாறையை மேலிருந்து கீழாக உரசத் தொடங்கும். ஒவ்வொரு விலா எலும்புக்கும் கீழே மெல்லிய நிழல் விழும், வயிறு ஒட்டிப் போயிருப்பது அப்போதுதான் தெரியும். இன்னும் மேலே ஏறி உச்சியை நெருங்கினால் நிலைமை மோசமாகிவிடும். புருவ நிழல் கண்ணை மூடும், மேலே இருக்கும் உருவத்தின் நிழல் கீழே இருப்பதன் முகத்தில் விழும். முற்பகலின் நடுப்பகுதிதான் இந்தப் பாறைக்கு நல்ல நேரம். யானைகளுக்குப் பக்கத்தில் முன்கால்களைத் தூக்கித் தவமிருக்கும் பூனை, அதைச் சுற்றியிருக்கும் எலிகள், எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. சூரியன் பாறைக்குப் பின்னால் போனதும் முழுக்க நிழல். அது சிற்பத்துக்கு நல்லதல்ல.

இதைப் பொதுவாகச் சொன்னால், ஒரு சுவரில் வெயில் விழத் தொடங்கும் நேரத்துக்கோ அது சுவரை விட்டு விலகும் நேரத்துக்கோ பக்கத்தில்தான் சாய்வொளி கிடைக்கும். கிழக்குச் சுவருக்கு உச்சிக்கு முன்னால், மேற்குச் சுவருக்கு உச்சி தாண்டிய பிறகு. வடக்கும் தெற்கும்தான் சுவாரஸ்யமானவை. அவற்றுக்கு நேரத்தோடு மாதமும் பார்க்க வேண்டும்.

சிவன் கோயிலாக இருந்தால் திசைமானி தேவையில்லை, கருவறையின் வெளிச்சுவரில் இருக்கும் கோஷ்டங்கள் என்கிற மாடங்களே திசையைச் சொல்லிவிடும். பெரும்பாலும் தெற்கில் தட்சிணாமூர்த்தி, மேற்கில் லிங்கோத்பவர், வடக்கில் பிரம்மாவும் துர்க்கையும். தட்சிணாமூர்த்தி தெற்கு பார்த்தவர். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் உதித்து, நாள் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே நகர்ந்து, தென்மேற்கில் மறைகிறது. தஞ்சாவூரில் அந்த மாதம் நண்பகலில்கூட அது தலைக்கு நேரே வருவதில்லை, அடிவானத்திலிருந்து சுமார் 55 டிகிரி உயரத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே மார்கழி, தை மாதங்களில் காலையில் கிழக்கிலிருந்தும் மாலையில் மேற்கிலிருந்தும் தெற்குச் சுவரில் அருமையான சாய்வொளி விழும். அதே காலத்தில் வடக்கில் இருக்கும் துர்க்கைக்கு ஒரு துளி வெயில் படாது.

ஆனியில் நிலைமை தலைகீழ். சூரியன் தஞ்சாவூரின் தலை உச்சியையும் தாண்டி வடக்கே போய்விடுகிறது. அப்போது வடக்குச் சுவர் காலையிலிருந்து மாலை வரை வெயிலில் இருக்கும், தெற்குச் சுவரில் வெயிலே விழாது. அதோடு அந்த வெயில் எப்போதும் சுவரை ஒட்டிச் சாய்ந்துதான் வரும். காலையில் பக்கவாட்டில், மதியம் மேலிருந்து, மாலையில் மறுபக்கம். வடக்குச் சுவர் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் எடுக்க ஆனி மாதத்தைப் போல வேறு மாதம் இல்லை. கோடை விடுமுறையில் போய் துர்க்கையை எடுத்தவர் படமும், பொங்கல் விடுமுறையில் போய் எடுத்தவர் படமும் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சுற்றிலும் திருச்சுற்று மாளிகையோ (மதிலை ஒட்டிய தூண் மண்டபம்) பெரிய மரமோ வெயிலை மறைத்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், அதை நேரில்தான் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்க சன்கால்க் என்ற இணையதளம் உதவும். வரைபடத்தில் கோயிலை வைத்தால் எந்தத் தேதியில் எந்த மணிக்குச் சூரியன் எந்தத் திசையில் என்று கோடு போட்டுக் காட்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் என்றதும் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொல்வார்கள். நிழல் நன்றாகவே விழுகிறது. காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே, பிராகாரத்தின் குறுக்கே நீண்டு கிடக்கும். படமெடுக்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காலையில் விமானத்துக்குப் பின்புறம் போய் நின்றால் நிழலுக்குள்தான் நிற்பீர்கள், எதிர் வெளிச்சத்தில் விமானம் கருப்பாகத்தான் வரும். அந்தப் பக்கத்துக்கு மாலை.

எல்லாச் சிற்பத்துக்கும் கடும் வெயில் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். கல்வெட்டு, மெல்லிய புடைப்புச் சிற்பம், கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் பட்டைகள், இவற்றுக்குச் சாய்வொளி. ஆழமாக, கிட்டத்தட்ட முழு உருவமாக வெட்டிய சிற்பத்துக்கு மேகமூட்டம். கங்கைகொண்ட சோழபுரத்தில் வடக்கு வாசல் படியருகே இருக்கும் சண்டேசானுக்கிரக மூர்த்தியைப் பாருங்கள். சிவன் குனிந்து சண்டேசரின் தலையில் மாலையைச் சுற்றுகிறார், சண்டேசர் கை கூப்பித் தலை தாழ்த்தியிருக்கிறார். இந்தச் சிற்பத்தின் உயிரே அந்த விரல்களிலும் தாழ்ந்த முகத்திலும் இருக்கிறது. கடும் வெயிலில் கையின் நிழல் முகத்தில் விழுந்து அத்தனையையும் அழித்துவிடும். மேகம் மூடிய பகலில் நிழல் மிருதுவாக இருக்கும், முகம் முழுசாகக் கிடைக்கும். அதனால் மேகமாக இருக்கிறதே என்று பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அன்றைக்கு எடுக்க வேண்டியவை வேறு, அவ்வளவே.

உள்ளே இருட்டாக இருந்தால்

முதல் விதி, ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃப்ளாஷ் நேர் முகத்தில் அடிக்கிறது. நிழலைத் துடைத்துவிடும், எண்ணெய்ப் பசை ஏறிய தூணில் ஒரு வெள்ளைப் பொட்டு வைக்கும்.

பாறையைக் குடைந்து செய்த குடைவரைகளில் செய்தவர்களே நமக்கு உதவி செய்துவைத்திருக்கிறார்கள். மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின்மேல் ஏறிப் போரிடும் துர்க்கை, எதிர்ப் பக்கச் சுவரில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமால். வெளிச்சம் வருவது திறந்திருக்கும் முன்பக்கம் ஒன்றிலிருந்துதான். பக்கச் சுவர்களுக்கு அது தானாகவே சாய்வொளி. அங்கே டார்ச்சும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். போனை அசையாமல் பிடித்தால் போதும்.

அசையாமல் பிடிப்பதுதான் பாடு. போனைப் பிடிப்பானில் செருகி மேடையின் விளிம்பிலோ படியிலோ வையுங்கள். அதுவும் இல்லையென்றால் வெறும் தூணில் பக்கவாட்டாகச் சாய்த்து அழுத்திப் பிடியுங்கள். சிற்பம் செதுக்கிய தூணில் வேண்டாம். பிறகு 3 விநாடி டைமர் வையுங்கள். பொத்தானை விரலால் தொடும்போது வரும் ஆட்டம் அந்த மூன்று விநாடிக்குள் அடங்கிவிடும். போனில் புரோ மோட் (அளவுகளை நாமே மாற்றும் வசதி) இருந்தால், வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100க்கு இறக்கி, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை அரை நொடி, ஒரு நொடி என்று கூட்டிப் பாருங்கள். புள்ளிப் புள்ளியாக இல்லாமல் கல்லின் சொரசொரப்பு அப்படியே வரும். ஆண்ட்ராய்டு போனில் புரோ மோட் இல்லையென்றால் ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியைப் போட்டுப் பாருங்கள், பல போன்களில் இந்த வசதிகளைத் திறந்துவிடும். நைட் மோட் இருந்தாலும் நல்லதே. அது பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. ஆட்கள் நடமாடும் இடத்தில் குழப்பும், கல்லுக்கு ஒரு குறையும் வராது.

மண்டபத்தின் உட்புறத்துக்கு எது நல்ல நேரம் என்று கேட்டால், வெளியே எடுக்க முடியாத உச்சி வெயில் நேரம் என்பேன். வெயில் பிராகாரத்துத் தளக்கல்லில் பட்டுத் தெறித்து மண்டபத்துக்குள் கீழிருந்து மேலாக வரும். மற்ற நேரங்களில் கன்னங்கரேல் என்றிருக்கும் விதானமும் (மேற்கூரையின் உட்புறம்), தூண் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகைகளும் அப்போது தெரியும். அந்த வெளிச்சம் போதவில்லை என்றால், வெயில் விழும் இடத்தில் ஒருவரை வெள்ளை அட்டையோடு நிற்கச் சொல்லி, வெளிச்சத்தைச் சிற்பத்தின் பக்கவாட்டில் திருப்பலாம். தெர்மகோல் பலகை இன்னும் நல்லது. வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தாலும் வேலை நடக்கும்.

கோபுரம் பின்னால் சாயாமல் எடுக்க

அடிவாரத்தில் நின்று போனை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் விழுகிற மாதிரி, மேலே குறுகி வரும். லென்ஸ் கோளாறு இல்லை இது. கேமராவைச் சாய்த்ததும் கோபுரத்தின் உச்சி அடியைவிடத் தூரமாகிவிடுகிறது, தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிகிறது. போனைச் செங்குத்தாகப் பிடித்தால் கோடுகள் செங்குத்தாகவே வரும். அப்படிப் பிடித்தால் உச்சி படத்துக்குள் வராதே என்பீர்கள். அதற்குத்தான் பின்னால் போக வேண்டும். சாதாரண போனின் பிரதான லென்ஸுக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. போனை நெட்டுவாக்கில் நிமிர்த்திப் பிடித்து, கட்டடத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் நின்றால் உச்சி படத்துக்குள் வந்துவிடும். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையாக இருக்கும், அதை வெட்டிவிடுங்கள்.

1010இல் குடமுழுக்கு கண்ட தஞ்சை விமானத்தின் உயரம் 60 மீட்டருக்கு மேல். ஒன்றரை மடங்கு என்றால் 90 மீட்டருக்கு மேல் போக வேண்டும். பிராகாரம் சுமார் 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம், விமானம் அதன் மேற்குப் பாதியின் நடுவில் நிற்கிறது. பக்கவாட்டில் மதில் வரைக்கும் போனாலும் நடுவிலிருந்து 60 மீட்டர்தான். ஆனால் பின்பக்க மூலைகளுக்குப் போனால் 80 மீட்டரை ஒட்டிக் கிடைக்கும். அங்கிருந்து ஒரு சின்னச் சாய்வு போதும், மிச்சத்தை ஸ்நாப்சீட் போன்ற இலவசச் செயலியில் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நிமிர்த்திவிடலாம். மூலையிலிருந்து பார்க்கும்போது இரண்டு பக்கமும் தெரிவதால், ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல் என்று விமானத்தின் கனமும் படத்தில் வரும். எனக்கு நேர்முகத் தோற்றத்தைவிட இந்தத் தோற்றமே பிடிக்கும். தளங்கள் ஒவ்வொன்றாகக் குறுகி ஏறுவது இதில்தான் புரியும்.

போனில் இருக்கும் அல்ட்ராவைடு லென்ஸ் இந்தச் சிக்கலுக்குச் சுலப வழி போலத் தோன்றும். முடிந்தவரை அதைத் தவிருங்கள். ஓரங்களில் இருக்கும் தூண்களை அகட்டிவிடும், பல போன்களில் அந்த லென்ஸின் தரமும் பிரதான லென்ஸைவிடக் குறைவு. இடுக்கான பிராகாரத்தில் வேறு வழியே இல்லாதபோது பயன்படுத்துங்கள். திரையில் கட்டக்கோடுகளை எப்போதும் போட்டு வையுங்கள், தூணை ஒரு கோட்டோடு ஒட்டிப் பார்த்தால் சாய்வு உடனே தெரிந்துவிடும்.

சின்னச் சிற்பங்களுக்கும் தூரம் முக்கியம். தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலில் கருவறையைச் சுற்றிய அடிப்பகுதியில் அறுபத்துமூன்று நாயன்மார் கதைகள் சின்னச் சின்னப் பலகைகளாக ஓடுகின்றன. நின்றபடி குனிந்து எடுத்தால் எல்லா உருவமும் குள்ளமாக, பெரிய தலையோடு வரும். உட்கார்ந்து, போனைச் சிற்பத்தின் மட்டத்துக்கே இறக்குங்கள். ரொம்பக் கிட்டே போகாமல் ஓரடி பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் உருவங்களின் அளவு சிதையாது. காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பமும் இந்தக் கோயிலில் உண்டு. கேமரா நேராக இல்லையென்றால் அந்த வித்தை படத்தில் புரியாது. தொடங்குகிறவர்கள் பழக தாராசுரத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது.

போனின் கெட்டிக்காரத்தனத்தை அடக்குவது

இன்றைய போன்கள் எடுத்த படத்தைத் தாமாகவே திருத்துகின்றன. எச்டிஆர் என்று ஒன்று, இருட்டான பகுதியை வெளிச்சமாக்கும். குழுப் படத்துக்கு நல்லது. நாம் இத்தனை நேரம் காத்திருந்து பெற்ற நிழலை அது தூக்கிவிடும். சிற்பத்தின் கிட்டப் படங்களுக்கு எச்டிஆரையும், காட்சியைத் தானே கண்டுபிடித்து நிறம் ஏற்றும் வசதியையும் அணைத்துவிடுங்கள். வானமும் கோபுரமும் சேர்ந்து வரும் படத்துக்கு மட்டும் எச்டிஆரை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, கல்லில் வெயில் படும் பிரகாசமான இடத்தைத் திரையில் தொடுங்கள், பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் பரவாயில்லை. வெளுத்துப் போன இடத்தில் விவரம் திரும்ப வராது, இருட்டில் இருப்பதை ஓரளவு மீட்கலாம். நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை மாற்ற முடிந்தால் வெயில் குறியில் நிறுத்துங்கள். தானியங்கியில் விட்டால் சாயங்கால வெயிலின் மஞ்சளைக் குறை என்று நினைத்து நீக்கிவிடும். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் மணற்கல் மாலை வெயிலில் தேன் நிறத்துக்கு வரும், அந்த நிறம் படத்தில் வேண்டுமானால் இது அவசியம்.

கல்வெட்டுகள்

படமெடுப்பதில் இதைவிடப் பயனுள்ள வேலை இல்லை என்பது என் எண்ணம். ராஜராஜன் தான் கொடுத்ததும், அக்கா கொடுத்ததும், பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் எல்லாவற்றையும் தஞ்சை விமானத்துக் கல்லில் வெட்டச் சொன்னான். அந்த எழுத்துகளை முதலில் முழு வரிசையாகப் படமெடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி. 1858இல் மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களை வைத்துக்கொண்டு, விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். உங்கள் கையில் இருக்கும் எந்தப் போனும் அவர் கேமராவைவிட வசதியானது.

அவர் செய்ததை நீங்களும் செய்யலாம். சுவரிலிருந்து ஒரே தூரத்தில், போனை ஒரே உயரத்தில் பிடித்து, பக்கவாட்டில் நடந்தபடியே எடுத்துக்கொண்டு போங்கள். நின்ற இடத்திலிருந்து போனைச் சுழற்றும் பனோரமா வேண்டாம், எழுத்து வளைந்துவிடும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கையாவது மறுபடி காட்ட வேண்டும். பிறகு கணினியில் ஹியூகின் என்ற இலவச மென்பொருளில் ஒட்டிக்கொள்ளலாம்.

வெட்டு ஆழம் சில மில்லிமீட்டர்தான் என்பதால் கல்வெட்டுக்குச் சாய்வொளி கட்டாயம். ஒரு நுணுக்கம் உண்டு. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் எழுத்தின் நெட்டுக் கோடுகள் துலங்கும், படுக்கைக் கோடுகள் மறையும். மேலிருந்து வந்தால் படுக்கைக் கோடுகள் துலங்கும். தேய்ந்துபோன கல்வெட்டில் ஒரு கோடு தெரியாமல் போனால் எழுத்தே மாறிவிடும், அதனால் இரண்டு திசையிலும் எடுக்க வேண்டும். நிழலான சுவரில் போனை அசையாமல் நிறுத்திவிட்டு, டார்ச்சை மட்டும் சுவரை ஒட்டிச் சுற்றிலும் ஆறேழு இடங்களுக்கு நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுங்கள். 2001இல் எச்பி ஆய்வுக்கூடத்தின் டாம் மால்ஸ்பெண்டரும் குழுவும் வெளியிட்ட ஒரு முறை இதே அடிப்படையில் உருவானது. அதில் கணினி அந்தப் படங்களைச் சேர்த்து, திரையில் வெளிச்சத்தை எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்க வைக்கிறது. கணினி வேலை இல்லாவிட்டாலும் அந்த ஆறேழு படங்களை அடுத்தடுத்துப் புரட்டினாலே பல எழுத்துகள் பிடிபடும்.

எழுத்து தெரியட்டும் என்று சுண்ணாம்போ சாக்பீஸோ மாவோ தடவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், கம்பியால் சுரண்டாதீர்கள். கல்லின் நுண்துளைகளில் போனது வெளியே வராது. பக்க வெளிச்சத்தால் கிடைக்காத எழுத்து பூச்சால் கிடைப்பதும் அரிது. கல்லில் காகிதத்தை ஒட்டி மையால் எழுத்தைப் பதிக்கும் மைப்படி எடுப்பது பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை.

அனுமதி என்றதும், போவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மாமல்லபுரம், தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், காஞ்சி கைலாசநாதர் போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. கையில் பிடித்து எடுக்கும் சாதாரணப் படங்களுக்குப் பொதுவாகத் தடை இல்லை, பெரிய ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். கருவறையையும் மூலவரையும் எடுக்கக் கூடாது. அறநிலையத் துறைக் கோயில்களில் கதை வேறு. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொன்னது, பல பெரிய கோயில்களில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போவது நல்லது. டார்ச் அடிப்பதற்கும் காவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், என்ன செய்கிறீர்கள் என்று படத்தைக் காட்டினால் பலர் ஆர்வமாக உதவிக்கு வருவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் ஊர், கோயில், சுவரின் திசை, தரையிலிருந்து எத்தனையாவது வரிசை என்று எழுதிவிடுங்கள். தேதியும் மணியும் போனே பதிந்து வைத்திருக்கும், அடுத்த முறை எந்த வெளிச்சம் வேண்டும் என்று முடிவு செய்ய அது உதவும். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருங்கிவிடும், பெரிதாக்கிப் பார்க்கும்போது எழுத்தின் விளிம்பு கரைந்திருக்கும்.